பையனை மான் வேட்டைக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். விஸ்கான்சினில் மேடிசனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வந்து எட்டு வருஷம் ஆகிறது. பையனுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஒரு தாத்தா தனியாக இருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் அரிசோனாவில். இவன் போய் அவர் வாசலில் இலை கூட்டிக் கொடுப்பான், அவர் இவனுக்கு மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். இப்போது அக்டோபரில் சிறுவர்களுக்கென்று தனியாக விடும் மான் வேட்டைக்கு இவனைக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்கிறார். பையன் இரண்டு வாரமாக அதே பேச்சு. கணவர் போகட்டும் என்கிறார். கரூரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "குட்டியோட நிக்கிற மானைக் கொல்லப் புள்ளைக்குப் பழக்குறீங்களா" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ துப்பாக்கி என்றாலே நடுக்கம். வேண்டாம் என்று சொல்லப் போனால், "நீ கடையில ஆட்டுக்கறி வாங்குறியேம்மா, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. இவன் இளகின மனசுக்காரன், இது அவனைக் கெடுத்துவிடுமா? அனுப்பினால் நாங்கள் என்னென்ன பார்க்க வேண்டும்? எச்-1பி விசாவில்தான் இருக்கிறோம், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். அதில் ஏதும் சிக்கல் வருமா? டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பதில் (கால்நடை மருத்துவர், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்றுநர்):

அன்புள்ள சகோதரி,

விசா பற்றிக் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் வீட்டில் பேசி முடிவு செய்யலாம், இதை அப்படி விட முடியாது.

எட்டு வருஷத்துக்கு முன் வந்தீர்கள், பையனுக்குப் பன்னிரண்டு வயது என்கிறீர்கள். அப்படியானால் அவனும் எச்-1பி-காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில்தான் இருப்பான். இந்த மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, இங்கே முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. "சும்மா ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டும்" என்று ஆகஸ்டிலேயே தாத்தா கொல்லைப்புறத்தில் ஆரம்பித்துவிடக் கூடாது. உங்கள் கணவருக்கும் இதே விதிதான். கூடப் போகிறவர், பெரியவர் வேலி தாண்டும்போது "கொஞ்சம் பிடிங்க" என்று நீட்டினால் வாங்கக் கூடாது. துப்பாக்கி உங்கள் வீட்டுக்கும் வர வேண்டாம், உங்கள் காரிலும் ஏற வேண்டாம். அக்டோபர் வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் குடியேற்ற வழக்கறிஞருக்கு எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் சிலர் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் கூடத்துக்குப் போய்ப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாநிலச் சட்டம் இதைவிட எளிது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் முழு உரிமம். வகுப்பு முடிக்காதவர்கள் ஒரு வழிகாட்டியோடு போகலாம், அவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். இந்த முறைக்கு இருந்த வயது வரம்பையும் 2017-இல் எடுத்துவிட்டார்கள். சட்டம் இடம் கொடுக்கிறதே என்று நீங்கள் வகுப்பை விட்டுவிடாதீர்கள். இங்கே 1967-இல் தொடங்கி 1985-இல் கட்டாயமாக்கிய வகுப்பு அது. அதற்கு முன்னால் நவம்பர் வேட்டைக் காலத்தில் காடு எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமே கேட்டுப் பாருங்கள், சொல்லுவார். கூடவே நீங்களும் போய் உட்காருங்கள். துப்பாக்கியைத் தொட வேண்டியதில்லை, என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று காதால் கேட்டாலே உங்கள் நடுக்கத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதி இருக்கட்டும், அது நல்லதுதான்.

இனி பெரியவர். உங்கள் கடிதம் முழுக்கப் பையனின் மனசைப் பற்றிய கவலை. எனக்கோ பெரியவரைப் பற்றித்தான் தெரிய வேண்டும். மான் வந்து நிற்கும் நேரத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவனாலும் முடியாது. "வேண்டாம்" என்று தோன்றினால் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிற மாதிரி பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா? நான் பிள்ளைகளை அனுப்புவதும் நிறுத்துவதும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்கு வழிகாட்டியாகப் போனேன். நல்ல நிதானம், காகிதக் குறியில் பெரியவர்களையே தோற்கடிப்பாள். அவளுடைய அப்பா எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஒரு பெட்டை மான் அறுபது கஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. அவள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, ஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் விசைக்கு வெளியேதான் இருந்தது. அப்புறம் விசையைப் பூட்டும் சேஃப்டியை மறுபடி போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பின்னாலிருந்து அப்பா "ச்சு" என்று நாக்கைத் தட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு மான் வந்தது, நடந்துகொண்டே இருந்தது. நான் "பொறு" என்று சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிட்டாள். வயிற்றில் பட்டது. டார்ச் வைத்துத் தேடியும் அன்றிரவு கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு சதுப்பின் ஓரத்தில் கிடந்தது, கறி கெட்டுப் போயிருந்தது. அவள் அப்புறம் வரவே இல்லை. அந்த மானை வயிற்றில் சுட்டது அந்த "ச்சு" சத்தம்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அதனால் பெரியவரைச் சோதித்துப் பாருங்கள், அவர் மனம் நோகாமலே செய்யலாம். செப்டம்பரில் ஒருநாள் துப்பாக்கி இல்லாமல், மான் பார்க்கப் போகலாம் என்று இருவரையும் காட்டுக்கு அனுப்புங்கள். பையனிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: சலிப்புத் தட்டினால், குளிரினால், பயமாக இருந்தால், "போதும் தாத்தா, போகலாம்" என்று சொல்லிவிட வேண்டும். அவர் "சரி, வா" என்று எழுந்து வந்தால், வழியில் மரத்தையும் தடத்தையும் காட்டிப் பேசிக்கொண்டே வந்தால், உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். "உன் வயசுல நான் நாள் முழுக்க உட்கார்ந்தேன்" என்று தொடங்கினால் இந்த வருஷம் மீன்பிடியோடு நிற்கட்டும்.

ஒரு காபி போட்டுக் கொடுத்து நேராகவும் கேளுங்கள். துப்பாக்கியை எங்கே வைக்கிறீர்கள், பூட்டி வைக்கிறீர்களா, தோட்டா தனியாக இருக்கிறதா? சுட வாய்ப்பிருந்தும் கடைசியாக எப்போது சுடாமல் விட்டீர்கள்? (இதற்குச் சட்டென்று பதில் வந்தால் மனுஷர் நல்லவர்.) இவன் அடித்த மான் அடிபட்டு ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்? காட்டில் பீர் உண்டா? முதல் மான் விழுந்ததும் பிள்ளையின் முகத்தில் அதன் ரத்தத்தைப் பூசுகிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. உங்கள் வீட்டில் உண்டா? இவையெல்லாம் அதிகப்பிரசங்கிக் கேள்விகள் இல்லை. இந்த ஊர் வேட்டைக்காரர்களிடம் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி ஒரு தாய் கேட்டால் மரியாதைதான் கூடும். பிள்ளை கெட்டிக்காரனா என்று கேட்பவர்கள்தான் அதிகம், இதைக் கேட்பவர்கள் குறைவு.

வகுப்பில் நான்கு விதிகள் மனப்பாடம் ஆகும். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினை. குழல் வாயை எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் வை. இலக்கு என்ன, அதற்கு முன்னும் பின்னும் என்ன என்று உறுதியாகத் தெரிந்துகொள். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே. நான்கில் மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட நாளாகும். மானைப் பார்த்துவிட்டால் மான் மட்டும்தான் தெரியும். அதன் பின்னால் இருக்கும் பண்ணை வீடு தெரியாது. நான் நடைப்பயிற்சியில் சும்மா ஒரு மரத்தைக் காட்டி, "அது மான். சுடலாமா?" என்று கேட்பேன். "சுடலாம்" என்பான். "பின்னாடி என்ன இருக்கு?" திரும்பிப் பார்ப்பான். மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை. "சுடக் கூடாது." இப்படி நாள் முழுக்கக் கேட்டு, "கூடாது" என்ற பதில் தானாக வர ஆரம்பித்த பிறகுதான் உண்மைத் துப்பாக்கி. இதை உங்கள் கணவரே அவனோடு பூங்காவில் நடக்கும்போது விளையாட்டாகச் செய்யலாம், அதற்கு எந்த உரிமமும் வேண்டாம்.

பெரியவர் பாசத்தில் தன் அப்பா வைத்திருந்த .30-06 ரைஃபிளை எடுத்து நீட்டுவார். கும்பிட்டு மறுத்துவிடுங்கள். பெரியவர் கைக்குச் செய்த கட்டை, பிள்ளையின் தோளுக்கு நீளம். கழுத்தை நீட்டிக்கொண்டுதான் ஸ்கோப்பைப் பார்க்க முடியும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ஒரு தடவை அப்படி அடி வாங்கினால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் விசையை இழுக்கும்போதே கண் மூடிக்கொள்ளும். பிள்ளைக்கு ஏற்ற குட்டைக் கட்டை, .243 மாதிரி உதை குறைந்த ரகம், காதுக்கும் கண்ணுக்கும் காப்பு. எட்டு அங்குலக் காகிதத் தட்டை எழுபத்தைந்து கஜத்தில் நிறுத்தி, காட்டில் எப்படி உட்காரப் போகிறானோ அதே மாதிரி உட்கார்ந்து சுடட்டும். சுட்ட ஐந்து குண்டும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் அவனுடைய தூரம். ஐம்பது கஜம்தான் என்றால் ஐம்பது கஜம்தான்.

என்னைக் கேட்டால் முதல் பயணம் மானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செப்டம்பர் நடுவிலேயே அணில் பருவம் தொடங்கிவிடும். அதில் நடமாட்டம் இருக்கும், பேசலாம், பிள்ளைக்குச் சலிக்காது. ஆனால் உங்கள் மாமியாரிடம் போய் அணில் என்று சொல்லிப் பாருங்கள்! ராமர் முதுகில் தடவிக் கொடுத்த அணிலா என்று கேட்பார், மானே தேவலை என்று ஆகிவிடும்.

அக்டோபர் வாரக்கடைசியைத் தேர்ந்தெடுத்தது நல்லது. நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் பருவத்தில் இந்த மாநிலத்துக் காடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியோடு இருப்பார்கள். சிறுவர் வேட்டையின்போது காடு காலியாக இருக்கும், குளிரும் அவ்வளவு இருக்காது. தரையில் துணிக் கூடாரம் மாதிரி ஒரு மறைப்பு போடுவார்கள், பிளைண்ட் என்பார்கள். அதில்தான் உட்கார வேண்டும். மரத்தில் ஏறி உட்காரும் பரண் வேண்டாம். இங்கே வேட்டைக் காலத்தில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பரணிலிருந்து விழுந்தவர்கள் நிறைய. இடுப்புக்கு மேலே போடும் உடையில் பாதிக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். மானுக்கு அந்த நிறம் நம்மைப் போலத் தெரியாது, பயப்பட வேண்டாம். மூக்குதான் அதற்குப் பெரிய ஆயுதம். அன்று காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி அனுப்பிவிடாதீர்கள். முறுக்கும் கொடுத்துவிடாதீர்கள், கடிக்கிற சத்தம் காடு முழுக்கக் கேட்கும். சப்பாத்திச் சுருள், வாழைப்பழம், வெந்நீர், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. கால் சில்லிட்டுவிட்டால் பிள்ளை வேறெதையும் கவனிக்க மாட்டான்.

உங்கள் கணவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். அவரும் ஆரஞ்சு போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு, பின்னால் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "ச்சு" கூடாது. "அடிடா" கூடாது. கைபேசியில் வீடியோ எடுக்கவும் கூடாது; படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் "வேண்டாம்" என்று சொல்கிற தைரியம் எந்தப் பிள்ளைக்கும் வராது. இரண்டு மணி நேரம் தாராளம்.

சுடுவதாகவே வைத்துக்கொள்வோம். மாட்டு வைத்தியனாக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் உடைந்து போவது இங்கேதான். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். குறி முன்னங்காலின் பின்புறம், நெஞ்சுக் கூட்டில், நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம். அங்கே சரியாகப் பட்டாலும் மான் உடனே விழும் என்பதில்லை. ஐம்பது, நூறு கஜம் ஓடித்தான் விழும். விழுந்த பிறகும் கால் உதறும். வீடியோ விளையாட்டில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லியிருக்க மாட்டார்கள், "நான் அதைச் சித்திரவதை பண்ணிட்டேன்" என்று பயந்துவிடுவான். எனவே வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சுட்டதும் அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு ரத்தத் தடம். நுரை கலந்த வெளிர் சிவப்பு என்றால் நுரையீரல், மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் வயிறு. அப்படியானால் பல மணி நேரம் பொறுத்துத்தான் பின்தொடர வேண்டும், அவசரப்பட்டால் கிளம்பி இன்னும் தூரம் போய்ச் சாகும். எவ்வளவு நேரமானாலும் தேடுவதை விடக் கூடாது, பையனும் கூடவே தேட வேண்டும். இதில் மட்டும் நான் பிள்ளைகளுக்குச் சலுகை தருவதில்லை.

குடல் எடுக்கும்போது அவனுக்குச் சின்ன வேலையாக ஒன்று கொடுக்கட்டும்: ஒரு காலைப் பிடித்துக்கொள்வது, விளக்குக் காட்டுவது. வயிற்றைத் திறந்ததும் அக்டோபர்க் குளிரில் ஆவி கிளம்பும், வாடை அடிக்கும். சில பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். சிலர் குனிந்து, "இதுதான் இதயமா? இவ்வளவு பெரிசா?" என்று கையில் வாங்கிப் பார்ப்பார்கள். இரண்டும் சரிதான். அழுதால் அழட்டும், "ஆம்பளப் புள்ள அழலாமா" என்ற வசனத்தை அன்று யாரும் பேசக் கூடாது. சிரித்தால், துள்ளினால் அதையும் பாவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பதற்றம் பிள்ளைகளுக்குப் பல விதமாக வெளியே வரும். பெரியவர் ஒரு படம் எடுக்க விரும்பினால் பையனைக் கேட்டு எடுக்கட்டும், ஆனால் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. போனால் ஐந்து நிமிஷத்தில் கரூரில் பார்த்துவிடுவார்கள். ஒரு சித்தப்பா சூப்பர் என்பார், ஒரு அத்தை கொலைகாரப் பாவி என்பார், நடுவில் பையன் மாட்டிக்கொள்வான்.

இது அவனைக் கெடுத்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டுப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், முன்னைவிட மென்மையானவர்களையும் பார்த்திருக்கிறேன். கொம்பின் அளவைச் சொல்லிச் சொல்லிப் புகழப்பட்டு, அறுக்கிற வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு உயிர் லேசாகிப் போகிறது. தேடி, தூக்கி, அறுத்து, கழுவி, சமைக்கும் வரை கூட இருந்தவர்கள் அடுத்த வருஷம் அவ்வளவு சுலபமாகச் சுடுவதில்லை. உங்கள் பையனுக்குத் துப்பாக்கி மேல் ஆசையா, தாத்தாவோடு காட்டுக்குப் போகிற ஆசையா என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். துப்பாக்கி மேல்தான் என்றால் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். நாயையோ பூனையையோ வேண்டுமென்றே துன்புறுத்திப் பார்க்கிற பிள்ளையாக இருந்தால் வேட்டைக்கே அனுப்பக் கூடாது, குழந்தை மருத்துவரிடம்தான் கூட்டிப் போக வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவன் அப்படி இல்லை.

ஆட்டுக்கறிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லாதீர்கள். கேள்வி சரியான கேள்வி. ஆடும் உயிர்தான், மானும் உயிர்தான். ஆட்டை நமக்காக வேறொருவர் அறுத்துவிடுகிறார், நாம் பார்ப்பதில்லை. "ஆமாம்டா, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. (பால் மாடுகளைப் பார்த்தே பிழைப்பவன் நான். பால் மட்டும் குடிக்கிறவர்களிடம், பிறந்த காளைக் கன்றுகள் எங்கே போகின்றன என்று நான் பேச்சை எடுப்பதில்லை. விருந்து கெட்டுவிடும்.)

மாமியாரோடு வாதாட வேண்டாம், அவர் சொன்னதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள். குட்டியோடு நிற்கிற மான் என்றாரே. இங்கே வெண்வால் மான் குட்டி போடுவது மே கடைசி, ஜூன் மாதங்களில். அக்டோபருக்குள் குட்டிகள் பால் மறந்து மேயப் பழகியிருக்கும். இணை சேருவது நவம்பரில், சினை ஆறரை மாதம். அதனால் அக்டோபரில் பெட்டை மான் சினையாகவும் இருக்காது. பெரியபுராணத்தில் பின்னால் கண்ணப்பராகும் திண்ணனார் முதன்முதலாகப் போகும் கன்னி வேட்டையைச் சேக்கிழார் பாடும்போது, யானைக் கன்றைத் துரத்தாமல், சின்னக் குட்டிகளைக் கொல்லாமல், சினையாகத் தள்ளாடும் பிணை மானை அலைக்கழிக்காமல் வேடர்கள் வேட்டையாடினார்கள் என்று பாடியிருக்கிறார். கண்ணப்பர் கதை தெரிந்த வீடு என்றால் பையனை விட்டே பாட்டியிடம் அந்தக் கதையைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படியும் அவர் மனம் ஒப்பவில்லையா, விடுங்கள். அந்தக் கறி அவர் இருக்கும் வரை அடுப்புக்கு வர வேண்டாம், ஃப்ரீசரில் கிடக்கட்டும். ஆனால் அவருக்குத் தெரியாமல் மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் மறைத்துச் செய்யும் காரியம் என்று பையனுக்குப் பட்டால், அதைத் தப்பு என்றே எடுத்துக்கொள்வான்.

எப்படியும் சில வாரம் ஃப்ரீசரில்தான் இருக்க வேண்டும். மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற நோய் இந்த மாநிலத்தில் முதலில் 2002-இல் தெரிய வந்தது, அதுவும் உங்கள் டேன் கவுன்டியிலேயே, மவுண்ட் ஹோரெப் பக்கம். மனிதர்களுக்கு வந்ததாக இதுவரை உறுதியான பதிவு இல்லை, ஆனால் நோய் உள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. ஐந்து அங்குலக் கழுத்தோடு தலையை அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் மாநில இயற்கை வளத்துறை இலவசமாகப் பரிசோதித்துச் சொல்லும். முடிவு வரும் வரை பொட்டலத்தில் தேதி எழுதி வையுங்கள். மறுநாள் மாலை 5 மணிக்குள் மானைப் பதிவு செய்வதையும் பெரியவர் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஈயக் குண்டு வேண்டாம், செம்புக் குண்டு கேளுங்கள். ஈயம் உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறிக்குள் பரவும், பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது ஆகாது. சமையல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; கொழுப்பே இல்லாத கறி, நல்லெண்ணெயும் மிளகும் தாராளமாக வேண்டும், முதுகுக் கறியை அதிகம் வேக விடாதீர்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். பெரியப்பா பையன்கள், "அமெரிக்காவுல மான் அடிச்சியாமே, வா, கரட்டுல முயல் அடிக்கலாம்" என்று கூப்பிடுவார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே முயலானாலும் கௌதாரியானாலும் அடிப்பது குற்றம், பையனுக்கு இதைக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள். கொம்பு, தோல் எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். முக்கியமாக, அக்டோபரில் போட்ட ஜாக்கெட், கால்சட்டை, பள்ளிப் பை எல்லாவற்றையும் நீங்களே கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பிள்ளைகள் ஞாபகத்துக்கென்று ஒரு தோட்டாவைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். இங்கே பள்ளியில் பிடிபட்டால் போலீஸ் வரைக்கும் போகும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் வெடிக்காத ஒரு தோட்டா தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று விளக்கிக்கொண்டு நிற்பதற்குள் கரூர் வண்டி போய்விடும்.